மாவு பூசிய மித்திரன்

முந்தாநாள் காலை, மொட்டைமாடிச் செம்பருத்தியின் கொழுந்தெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவுப்பூச்சி அப்பிக்கிடந்ததைக் கண்டு, விசாரணை முதலிய சம்பிரதாயங்களுக்கு இடங்கொடாமல், நம்மில் யாவரும் செய்வது போலவே வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைத் தெளித்து, எஞ்சியவற்றைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தீர்த்துவிட்டு, சத்துரு சம்ஹாரம் முடித்த திருப்தியோடு காப்பிக்காகக் கீழே இறங்க யத்தனித்தேன். அச்சமயம் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து சேர்ந்தார் அடுத்த வீட்டு நண்பர். பிரஷ்ஷில் ஒட்டியிருந்த பிரேதங்களைச் சாவகாசமாகப் பரிசீலித்துவிட்டு, "என்ன சார், மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழுக்களையல்லவா கொன்றுவிட்டீர்கள்!" என்றார். சிசுஹத்தி செய்தவனைப் பார்க்கிற அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

அப்புழுவை இனங்காணும் மார்க்கத்தைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு வார்த்தை.

இந்த ஜாதி வண்டு, காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்கவென்று 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. வந்த காரியத்தை அவ்வளவாகக் கவனியாமல் மாவுப்பூச்சியைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதிலிருந்தே அதன் சுபாவம் விளங்கும். வளர்ந்த வண்டு கருஞ்சிறகும் செம்மஞ்சள் தலையுமாகக் கண்ணியமாகத்தான் இருக்கிறது. புழுவோ, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே மேனியெல்லாம் வெள்ளை மெழுகிழை போர்த்துக்கொண்டு அதன் நடுவிலேயே குடியிருக்கிறது. திருடனைப் பிடிக்கும் போலீஸ்காரர் மஃப்டியில் போகட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் திருடனுடைய சட்டையையே மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே மீசை வைத்து, அவன் வீட்டுத் திண்ணையிலேயே பாய் விரித்துப் படுத்து, அவன் உறவினரோடு உறவினராய் உட்கார்ந்து, பந்தியில் அவர்களையே ஒவ்வொருவராக உண்டுகொண்டிருந்தால், தடியெடுத்து வரும் ஊர்க்காரன் என்னதான் செய்வான்? மார்பில் ஒரு பித்தளை வில்லையாவது குத்திக்கொள்ள வேண்டாமா? மனிதக் குழந்தையென்றால், மூக்கு தாத்தாவுடையது, பிடிவாதம் அத்தையுடையது என்று ஏதாவது ஒரு தடயம் கிடைக்கும். இந்த வம்சத்திலோ பிள்ளை தகப்பனைப் போலில்லை, பகைவனைப் போலிருக்கிறது. இந்த அழகில் கொலைப்பழி மட்டும் என் தலையில்!

இது முதற்குற்றமும் அன்று. போன மாதம் இலையில் மயிரிழைக் காம்புகளின் நுனியில் நின்ற வெண்துளிகளைப் பூஞ்சை என்று கிள்ளியெறிந்தேன். அவை அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளாம். மாறாக, கத்தரியில் புள்ளி புள்ளியாய் வந்த வண்டை விருந்தாளியாகப் பாவித்து, வீட்டாரையெல்லாம் அழைத்துக் காட்டினேன். அந்த எபிலாக்னா வண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கிய பிறகே அதன் கோத்திரம் தெரிந்தது.

"தொட்டால் விறுவிறுவென்று ஓடுவது நண்பன், அசைந்து கொடுக்காதது பகைவன்; அவ்வளவுதான் சார்" என்று நண்பர் எளிதாகச் சொல்லிவிட்டார். சோப்பில் குளித்தபின் எது ஓடும்?

இன்று காலை பார்த்தேன். இடுக்குகளில் தப்பிய மாவுப்பூச்சிகள் மறுபடி கொழுந்துக்கு ஏறியிருக்கின்றன, புழுக்களில் ஒன்றுகூட இல்லை. உங்கள் தோட்டத்தில் அந்த வெள்ளைப் புழு நாலைந்து உபரியாக இருந்தால் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள், பூதக்கண்ணாடி வேண்டாம்.