களிக்கு வந்த மவுசு

சிக்கனத்துக்கு வழி கேட்டால் பட்ஜெட் போடச் சொல்கிறார்கள். எங்கள் பாப்பாரப்பட்டியில் பட்ஜெட் போடுவது தக்காளிதான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பக்கத்துப் பாலக்கோட்டிலிருந்து லாரி ஏறிய தக்காளியை எங்கள் ரசம் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, புளியே சமாளித்தது. விலை விழுந்தாலோ, அதே பழம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும்.

அந்த வருஷம்தான் எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். "களியிலிருந்து அரிசிச் சோத்துக்கு வர ஒரு தலைமுறை ஆச்சு, மறுபடியும் களியா?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்னையிலிருந்து கொழுந்தன் போன் செய்தான்: "அம்மா, இங்க பணக்காரங்க சுகருக்கு அதத்தான் தேடிச் சாப்பிடறாங்க."

மறுநாளே கேழ்வரகு டப்பா மாமியாரின் பீரோவுக்குள் போய்விட்டது. என் தட்டில் களி உருண்டை எலுமிச்சம்பழ அளவு.