பூங்குழலிக்கு வரன் பார்த்தவர்

மந்தைவெளி பஸ் டிப்போவிலிருந்து ஆர்.கே. மடம் ரோடு வழியாக நடந்தால் இவரைப்போல நாலு பேராவது அகப்படுவார்கள். கையில் மஞ்சள் பை, கீரைக்கட்டுக்கு அடியில் நாவல். நாவல் என்றால் மாமாவுக்கு அது ஜாதகக்கட்டு. கதாநாயகன், கதாநாயகியை அவர் சீந்துவதேயில்லை. "அவாளுக்கெல்லாம் ஆசிரியரே பாத்துப்பார். ஓரத்துல நிக்கறவாளுக்கு யார் இருக்கா?"

மாமாதான் இருக்கிறார்.

அவருடைய செல்ல வரன் சேந்தன் அமுதன். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' அத்தனையும் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்திருக்கிறார். பூங்குழலி படம் உள்ள பக்கத்தை, பெண் போட்டோ காட்டுவதுபோல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் காட்டுவார்.

"பையனுக்கு என்ன குறை? கெட்ட பழக்கம் கிடையாது. கோயில்ல புஷ்ப கைங்கர்யம். பொண்ணு சொந்த மாமன் மகள், விசாரிக்கவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, மாமியார் ஊமை!"

உள்ளேயிருந்து மாமி: "எனக்குந்தான் அப்படி ஒரு மாமியார் வாய்ச்சிருக்கலாம்."

மாமா காதில் விழாது. அதற்குள் அமுதனுக்குக் கிரீடம் சூட்டப் போய்விட்டிருப்பார். "பூக்கட்டற பையன்னு நெனச்சு கழுத்தை நீட்டினா. கடைசில பாத்தா உத்தம சோழன்! எப்பேர்ப்பட்ட ப்ரமோஷன்!"

படகோட்டிப் பெண் பூங்குழலி அரண்மனைக் கனவையெல்லாம் உதறிவிட்டு, பூந்தோட்டத்துப் பையனே போதும் என்று தானாக முடிவெடுக்கிறாளே, அந்த இடத்தை மட்டும் மாமா புரட்டித் தள்ளிவிடுவார். பெண் முடிவெடுக்கும் பக்கங்களில் அவருக்குக் கொட்டாவி வரும். சொந்தப் பேத்திக்கு வரன் தேடியபோது கோயில் உத்தியோகத்துப் பையன் ஒருவனின் ஜாதகம் வந்தது. பொருத்தம் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். கிரீடம் வரும் என்று கல்கி எழுதித் தரவில்லையே!

அதே நாவலின் வானதிக்கு ஒரு தலையாட்டல். மணிமேகலைக்கு "செவ்வாயா இருக்கும்."

சீமைச் சம்பந்தமும் உண்டு. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட நாவலில் சார்லட் லூகாஸ் என்றொரு பெண், காலின்ஸ் என்ற அசட்டுப் பாதிரியாரைக் கட்டிக்கொள்கிறாள். ஆசையினால் அல்ல, நிற்க ஓர் இடம் வேண்டுமே என்று. "நிரந்தர உத்தியோகம், குவார்ட்டர்ஸ், பின்னாடி சொத்து வேற! இருபத்தேழு வயசுலயே அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு புத்தி, பாருங்கோ" என்பார். பார்ப்பது என் மகளை. அவளுக்கு முப்பத்தொன்று.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். 'மோகமுள்' நாவலில் வரும் தங்கம்மாளைப் பற்றி அவர் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. கிழவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட சின்னப் பெண். பக்கத்து வீட்டு பாபுவைத் தேடி வருகிறாள். அவன் விலக்கியபின் உயிரை விடுகிறாள். கதையில் அவளுக்கு இடம் கொஞ்சம்தான், ஆனால் புத்தகத்தை மூடினாலும் அவள் போவதில்லை. மாமா இரண்டே வார்த்தையில் முடித்தார்: "நடத்தை சரியில்லை." கிழவருடைய ஜாதகத்தை அவர் கேட்கவேயில்லை. அத்தனை வயதில் பெண் கேட்டவனையும் கொடுத்தவனையும் விட்டுவிட்டு, செத்தவளிடம் ஒழுக்கச் சான்றிதழ் கேட்கிற மனுஷரிடம் எதைப் பேசுவது? அன்று நான் காபியை வாங்கிக்கொள்ளாமலே எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை வாசலில் நின்றார். கையில் முருங்கைக்காய், தோட்டத்தில் காய்த்ததாம். கோபித்துக்கொள்ளவும் விடமாட்டார்.

இரவல் கொடுத்த 'மோகமுள்' மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டதற்கு, "மாமி எடுத்துண்டு போனா, குடுக்க மாட்டேங்கறா" என்கிறார். இருக்கட்டும், மாமி நிதானமாகவே படிக்கட்டும்.