மாவுக் காவல்காரர்

மதுரையில் இருந்தவரை நம்மாளுக்கு இட்லி என்றால் ராத்திரி பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் கிடைப்பது. சிம்மக்கல், தல்லாகுளம் என்று எந்தத் திக்கில் போனாலும் ஆவி பறக்க ஒரு கொப்பரை. இலையில் நாலு இட்லி, மேலே தண்ணிச் சட்னி. அது எப்படி உண்டாகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. டொராண்டோவில் வேலை கிடைத்து, கொண்டுபோன புளிக்காய்ச்சல் முதல் ஜனவரியிலேயே தீர்ந்த பிறகுதான் யோசித்தார்.

இந்த வகையறாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரில் அம்மா கிரைண்டர் சுவிட்சை அணைக்கச் சொன்னாலே சலித்துக்கொண்டவர், அங்கே போய், புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரை 110 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி தேடிப்பிடித்து வாங்கினார். அம்மா போனில் பாடம் எடுத்தார்: “உளுந்தை ஐஸ் தண்ணி ஊத்தி ஆட்டுய்யா, இல்லாட்டி மாவு சூடேறிப் போகும்.” மதுரை வெயிலுக்கான யோசனை அது. வெளியே மைனஸ் 15. நம்மாளு ஐஸ் கட்டிகளை எண்ணிப் போட்டு ஆட்டினார். மறுநாள் காலையில் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை.

அன்று தொடங்கியது காவல். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டினார். தமிழில் ஒட்டியதுதான் வினை. கூடக் குடியிருந்த பஞ்சாபி நண்பர் பீட்சாவுக்காக 400 டிகிரி பாரன்ஹீட்டில் ஓவனைச் சூடேற்ற, மாவு முழுவதும் பாத்திரத்தின் வடிவிலேயே ஒரே இட்லியாகிவிட்டது.

பிறகு படிப்பில் இறங்கினார். 1965இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற குளிர்ந்த ஊரில், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தார் இட்லி மாவை ஆராய்ந்து, அதைப் பொங்கவைப்பது லியூகோனாஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்மாளு குலதெய்வத்தின் பெயரைப்போல் பயபக்தியோடு சொல்வார். ‘கொஞ்சம் ஈஸ்ட் போடலாமே’ என்று யாராவது வாய்விட்டால் தீர்ந்தது; அன்று விருந்து கிடையாது, விரிவுரைதான். (அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு வேண்டியது 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கதகதப்பு.)

ஒருவழியாக மாவு பொங்கி மூடியைத் தூக்கிய அன்று, பெட்டியிலிருந்த பட்டுக்கரை வேட்டியைக் கிழித்து இட்லித் துணியாக்கினார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். ஒட்டாமல் வந்தது! போட்டோ சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போயிற்று. அம்மாவிடமிருந்து ஒரு வரிதான் பதில் வந்தது: “கரையைப் பாத்தா அக்கா கல்யாண வேட்டி மாதிரி இருக்கு.”

சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்தவர், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் அடுக்களையில் இறங்கிவிட்டார். இட்லியைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “உளுந்து கம்மிம்மா. நாலுக்கு ஒண்ணு போடணும்” என்றார்.

“அதை மாவுக்கடைக்காரர்கிட்டத்தேன் சொல்லணும்யா. நான் மாவாட்டி வருசக்கணக்காச்சு. தெருமுனையில பாக்கெட் போட்டு விக்கிறாக” என்றார் அம்மா. வீட்டுக் கிரைண்டர் மேல் நாலு மாதத்துச் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன.

விடுவாரா? கிரைண்டரைக் கழுவித் துடைத்து, தானே ஆட்டி, டொராண்டோ கணக்குப்படி 18 மணி நேரம் புளிக்கவிட்டார். மதுரை வெயிலில் மாவு அதுவரை பொறுக்குமா? பாதிராத்திரிக்குள் மூடியைத் தள்ளி, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்கி, வாசலைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

அடுத்த சித்திரைக்கு உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்திறங்கலாம். ஆட்டட்டும், பேசட்டும், தடுக்காதீர்கள். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கொடுங்கள்.