தொண்டர் வந்துவிட்டார்

மலாவியில் லிவிங்ஸ்டோனியா மிஷன் 1875-இல் ஏரிக்கரையில் தொடங்கி, மலேரியாவுக்குப் பயந்து இருமுறை இடம் மாறி, 1894-இல்தான் மலைமேல் ஏறியது. அந்த மிஷனை நடத்திய டாக்டர் ராபர்ட் லாஸ் காலூன்ற 19 ஆண்டுகள் ஆயின. இன்று மிஷன் பள்ளிகளுக்கு வரும் தொண்டருக்கோ ஒரு வார இறுதி போதும். கொசுவலை, தண்ணீர் வடிகட்டி, ஆப்பிரிக்காவைத் திருத்தும் திட்டம் எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடும். முதல் நாள் மக்காச்சோளக் களியான ந்சிமாவைக் கையால் உருட்டுவார் (படம் எடுத்தபின்). மறுநாள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியருக்கே பாடம் நடத்தும் விதத்தை விளக்குவார். அவரும் பொறுமையாகத் தலையாட்டுவார். போன பருவத்துத் தொண்டருக்கும் ஆட்டிய தலைதானே! பிள்ளைகளின் பெயர்கள் வாயில் நுழையத் தொடங்கும்போது விசா முடிந்துவிடும். வழியனுப்புப் பாட்டைப் பிள்ளைகள் மறப்பதேயில்லை. அடுத்த பருவத்துக்கும் அதேதான்.