பாகற்காய்க்கு எதற்கு இத்தனை மேக்கப்?

கே: பறிக்க மறந்த பாகற்காய் பந்தலிலேயே பழுத்து வெடித்துவிட்டது. உள்ளே விதையெல்லாம் ரத்தச் சிவப்பு! கெட்டுப்போய்விட்டதா? (வாசகி, பழனிப்பேட்டை, அரக்கோணம்)

ப: கெடவில்லை அம்மா, கல்யாணக் கோலத்தில் இருக்கிறது! அந்தச் சிவப்பு லைகோபீன். தக்காளியைச் சிவக்க வைக்கிற அதே நிறமி. விதையை மூடியிருக்கும் வழவழப்பான சதையில், அதாவது விதையுறையில்தான் அது இருக்கிறது. தொட்டு நாக்கில் வையுங்கள், லேசாகத் தித்திக்கும். ஆயுசு முழுக்கக் கசந்துவிட்டுக் கடைசி நாளில் இனிப்பவர்கள் சொந்தத்திலேயே உண்டு, ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் இந்த இனிப்பு உங்களுக்காக இல்லை, பறவைகளுக்காக. மஞ்சள் தோல் மூன்றாகப் பிளந்து விரிய, நடுவில் சிவப்பு பளிச்சென்று தெரியும். பறவை சதைக்கு ஆசைப்பட்டு விழுங்கும். விதையை அடுத்த தெருவில் போடும். பஸ் டிக்கெட் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போக நல்ல வழி! பிள்ளைகள் விதையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: திருத்தணி போகிற வழியில் கொடுக்காப்புளி வாங்கினேன். ஒரே காயில் ஒரு சுளை வெள்ளை, அடுத்தது ரோஸ். சாயம் ஏற்றுகிறார்களோ?

ப: கூறு கட்டி விற்கிற பாட்டிக்குச் சுளை சுளையாகச் சாயம் ஏற்ற நேரம் ஏது? அது மரமே போட்ட ஆந்தோசயனின், நாவல்பழத்தின் சாயக் குடும்பம். தண்ணீரில் கரையும். பாகலின் லைகோபீனோ எண்ணெயில்தான் கரையும். தக்காளித் தொக்கில் பிரிந்து நிற்கும் எண்ணெய் சிவப்பது அதனாலும்தான். இங்கேயும் நாம் தின்பது விதையுறை. துப்புவது கறுப்பு விதை. மரத்தின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்!

கே: மணாலியில் யூ மரம் பார்த்தேன். குட்டிக் கிண்ணம் மாதிரி சிவப்புப் பழம். தின்னலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பூக்காத மரத்தில் பழம் ஏது? அதுவும் விதையுறைதான்; ரோடோசாந்தின் முதலான கரோட்டினாய்டுகள் தந்த சிவப்பு. அந்தச் சதையில் மட்டும்தான் விஷமில்லை. உள்ளிருக்கும் விதையும் இலையும் கொடிய விஷம். இதே பேரினத்து அமெரிக்க மரத்தின் பட்டையிலிருந்துதான் புற்றுநோய் மருந்தான டாக்சால் வந்தது. 1971இல் அதன் அமைப்பைக் கண்டு சொன்ன குழுவில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வானி.

கே: பிரியாணிக்குப் போடும் ஜாதிபத்திரியும் இந்த வகையா?

ப: அதேதான். ஜாதிக்காயின் விதையுறை. பறித்த அன்று செக்கச்செவேல், காய்ந்தால் மஞ்சளடித்துவிடும். காய்ந்த பிறகும் கருஞ்சிவப்பாக, வாசனையே இல்லாமல் இருந்தால் ராமபத்திரி என்கிற போலியாக இருக்கும். கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.