முன்பாயைச் சுருட்ட எந்த ரோலர்?

கேள்வி: நண்பரின் பாய்ப்படகுக்கு முன்பாயைச் சுருட்டும் ரோலர் வாங்க வேண்டும். நான் பேரிங் ஆலைக்காரன். எதைப் பார்த்து வாங்கலாம்?
— வாசகர், வடக்குப்பட்டு

பதில்: 2022 அகழாய்வில் உங்கள் ஊரில் கிடைத்த ரோமானிய ஆம்போரா ஜாடி ஓடுகளே பாய்மரக் கப்பலில் வந்த சரக்குதான், உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்!

பாதி சுருட்டியபடி ஓட வேண்டுமென்றால் முறுக்கைத் தாங்கும் அலுமினியக் குழாய் உள்ளதே வேண்டும். வெறும் கம்பியென்றால் அடி சுற்றும், உச்சி அசையாது. மூடிய ஸ்டீல் பேரிங்கில் சீல் போனால் உப்பு குடியேறிவிடும். திறந்த பிளாஸ்டிக் குண்டுகளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கே. மாட்டும்போது, பாயை ஏற்றும் கயிறு உச்சியில் குழாயைவிட்டு பாய்மரத்தை நோக்கிச் சுமார் 10 டிகிரி விலகிப் போகட்டும். ஒட்டிப் போனால் அதுவும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். அப்படியானால் காற்று வலுக்கும் நேரத்தில் பாய் விரியவும் விரியாது, சுருளவும் சுருளாது.