பொறையும் டயரும்: வடசென்னை நாயியலுக்கு ஒரு முகவுரை

செல்லப் பிராணி வளர்ப்பைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை எல்லாம் அடையாற்றுக்குத் தெற்கே உட்கார்ந்து எழுதப்பட்டவை என்பது இக்கட்டுரையின் முதல் குற்றச்சாட்டு. அங்கே நாய் என்றால் கழுத்தில் பட்டை, பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் நாய் உண்டு, வளர்ப்பு கிடையாது என்று அந்த அறிஞர்கள் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இதை மறுக்கிறோம். மறுப்பதோடு நில்லாமல், இன்று உலகெங்கும் நாய்க்கு வாங்கித் தரப்படும் தின்பண்டம், விளையாட்டுச் சாமான், ஏன், பெயர்பெற்ற சாதி நாய்களில் சில கூடத் துறைமுகத்திலும் ஆலை வாசலிலும் உருவானவையே என்றும், ஆகவே இந்தத் துறைக்குக் காசிமேடே தலைநகர் என்றும் நிறுவப் போகிறோம். அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் தீனி. நாய் பிஸ்கட்டைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். 1860ஆம் ஆண்டு வாக்கில் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குப் போன மனிதர் அவர். கப்பலில் இருந்து கழித்துப் போட்ட கல் போன்ற பழைய பிஸ்கட்டுகளைத் துறைமுக நாய்கள் அடித்துக்கொண்டு தின்பதைப் பார்த்தாராம். இடிதாங்கியை மறந்தார், கோதுமை மாவு, காய்கறி, இறைச்சி சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கட் சுட ஆரம்பித்தார். அவருடைய கம்பெனியில் விற்பனையாளராக இருந்த சார்லஸ் கிரஃப்ட்தான் 1891இல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார், இன்றைக்கும் நடக்கிறது. ஆக, சீப்பு போட்டு வாரி, மேடையில் நடக்கவிட்டு, கோப்பை கொடுக்கும் அத்தனை கோலாகலத்துக்கும் மூலம் துறைமுகத்து நாய் தின்ற ஓசி பிஸ்கட்.

இப்போது ராயபுரத்துக்கு வருவோம். எந்த டீக்கடையிலும் கண்ணாடி பாட்டிலுக்குள் உருண்டையாக, வறட்டென்று, பல்லுக்குச் சவால் விடும் ஒரு பண்டம் இருக்கும்: பொறை. மனிதர்கள் அதை டீயில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும். நாய் அப்படியே கடிக்கும். டீ குடிக்க வந்தவர் காசு கொடுத்துப் பொறை வாங்கி நாய்க்குப் போடுவது சென்னையில் அன்றாடக் காட்சி. அந்தத் தர்மம் எத்தனை ஊறியது என்றால், ஆளைச் சரிக்கட்டச் சிறிதாக எதையாவது நீட்டுவதற்கே ‘பொறை வைக்கிறது’ என்று பெயர் வந்துவிட்டது. பொறையும் பழைய கப்பல் பிஸ்கட்டும் ஒரே குலம் என்பது நம் கருதுகோள். ஆதாரம் கேட்பவர்கள் இரண்டையும் சுவரில் எறிந்து பார்க்கலாம்; சுவர்தான் உதிரும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்க முடியாது. லண்டனில் நாய்க்கு பிஸ்கட் சுட்ட அதே காலத்தில் மெட்ராஸ் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியிருந்தது. 1959இல் உருவான விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதல் கருத்தடைதான் வழி என்று சொல்லிக்கொண்டே இருந்தது; 1996இல்தான் மாநகராட்சி கொல்வதை விட்டு அந்த வழிக்கு வந்தது. இன்று நாயின் காதில் சிறு வெட்டு இருந்தால் அறுவை முடிந்துவிட்டது என்று பொருள். அந்த வெட்டுக் காதை ஊனம் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. அதைப் பட்டம் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து இனங்கள். சாதி நாய் வாங்குவதில் ஒரு தொன்மையான சிக்கல் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டியையும் ‘குருளை’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்து போகும்வரை அங்கேயும், பிறகு மற்ற சந்தைகளிலும் அட்டைப்பெட்டியில் வைத்து “ஒரிஜினல் லேப் சார், அப்பன் கென்னல்ல இருக்கான்” என்று விற்றவர்கள் இந்த இலக்கண மரபில் வந்தவர்களே. ஆறு மாதம் கழித்து அது என்னவாக வளரும் என்பதைப் பெட்டி சொல்லாது.

உண்மையான லேப்ரடார் கையில் கிடைத்தவர்கள் ஒரு செய்தியை அறிய வேண்டும். அது மாடி வீட்டு நாயே இல்லை. அதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களிடம் வேலை பார்த்தவர்கள். குளிர்ந்த கடலில் குதித்து வலைக் கயிற்றை இழுத்து வருவதும், தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் கவ்வுவதும் அவற்றின் தொழில். அந்தப் பரம்பரையில் வந்த ஒன்று இன்று காசிமேட்டில் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில், ஜன்னல் வழியே விசைப்படகுகளைப் பார்த்துக்கொண்டு, கொழுத்துக் கிடக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கால் நனைத்ததில்லை. இதைவிடத் திறமை விரயம் வேறெந்தத் துறையிலும் நடக்காது.

பக் நாயின் கதையும் கப்பல் கதைதான். சீன அரண்மனையில் வளர்ந்ததை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் டச்சு வணிகர்களுக்குப் பங்குண்டு. அதே டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். போகிற வழியில் ஒன்றிரண்டை இங்கே இறக்கிவிட்டிருந்தால், தொலைபேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடி வந்த பிறகுதான் அந்த நாயைத் தமிழ்நாடு அறிந்தது என்ற அவப்பெயர் வந்திராது. இறக்காததும் நல்லதற்கே. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு தட்டையான நாய்க்கு அந்த வேலையே திண்டாட்டம். மே மாதம் பதினோரு மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் பக் நாயை நடத்திப் போகிறவர் நாயையும் விரும்பவில்லை, நிழலையும் மதிக்கவில்லை. புறங்கையைத் தார்ச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கை தாங்காத இடத்தில் அதன் பாதமும் தாங்காது.

ராஜபாளையம் மட்டும் நம் துறைமுகக் கொள்கைக்கு அடங்க மறுக்கிறது. அது விருதுநகர்ச் சீமையின் உள்நாட்டு நாய். 2005இல் தபால்தலையிலும் ஏறிவிட்டது. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. இந்தக் குறையைச் சொல்லி யாராவது விலையைக் குறைத்தால், ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருவில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே குடியிருப்பவர்கள் உடனே வாங்கிவிடலாம். அதற்கென்றே படைக்கப்பட்ட நாய்.

நிறத்தைப் பற்றி ஒரு நுண்ணாய்வு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்திருந்த காலத்தில் ராயபுரத்து நாய்களை அங்கக அடையாளம் கொண்டு வகைப்படுத்த இயலாது. நிலக்கரிக் குவியல் பக்கம் இருந்து காற்றடித்தால் கருநாய், தாதுக் குவியல் பக்கம் இருந்து அடித்தால் செந்நாய். உலர்த்திய வேட்டியும் அதே விதிக்கு உட்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் இரண்டும் அங்கே நின்றுபோயின; நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் பெயர்ந்தது. ராயபுரத்தில் திடீரென்று வெள்ளை நாய்கள் பெருகியதை இனப்பெருக்கத்தால் விளக்க முயல்வோர் இந்த உத்தரவைக் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணூரில் வெள்ளை நாய்கள் ஏன் குறைந்தன என்பதற்கும் அதுவே விடை; அங்கே மனிதர்களின் நுரையீரலுக்கும் அதே விடைதான், ஆனால் அது நாயியலுக்கு வெளியே உள்ள விஷயம் என்று எங்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது.

இனி விளையாட்டுச் சாமான். இங்கே நம் கட்சி மிகவும் வலுவானது. கடைகளில் அதிக விலைக்கு விற்கும் ரப்பர் கடிபொம்மை ஒன்றின் வரலாறு இது: 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் வேன் ஒன்றைப் பிரித்துப் பழுதுபார்க்கையில் எறிந்த ரப்பர் உதிரிபாகத்தை அது கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அதைப் பார்த்துச் செய்ததுதான் அந்தப் பொம்மை. இதை உலகம் புதுமை என்று கொண்டாடுகிறது. திருவொற்றியூர்க்காரருக்கு இதில் என்ன புதுமை? எம்.ஆர்.எஃப் 1946இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத்தான் தொடங்கப்பட்டது. டயர் பிறகு வந்தது. உலகம் வண்டிச் சாமானில் இருந்து பொம்மைக்குப் போனது, திருவொற்றியூர் பொம்மையில் இருந்து வண்டிச் சாமானுக்கு வந்தது. நடுவில் பஞ்சர் கடை வாசலில் நாய் உட்கார்ந்து, அறுத்துப் போட்ட டியூப் துண்டை மென்றுகொண்டு, இரண்டு வரலாறுகளுக்கும் சாட்சி சொல்கிறது.

ஆனால் மெல்லுவது வேறு, விழுங்குவது வேறு. டயருக்குள் கம்பி இருக்கும். டியூப் துண்டு குடலில் அடைத்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். வலையில் கட்டும் தெர்மாகோல் மிதவையும், அறுந்த நைலான் நரம்பும் அதே ஆபத்து. முழு டயரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இழுக்கச் சொல்வது உத்தமம். நாய்க்கும் பயிற்சி, பார்க்கிற பையன்களுக்கும் பொழுதுபோக்கு. இலவசமான இன்னொரு விளையாட்டும் உண்டு: ஓடும் வண்டியைத் துரத்துவது. திருவொற்றியூர் நாய்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு புல்லட்டை மட்டும் விடாமல் குரைப்பதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. புல்லட் தயாரித்த, 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு ஆலை அருகிலேயே இருப்பதால், அவை தலைமுறை தலைமுறையாகத் தரப் பரிசோதனை செய்துவருவதாகக் கொள்ளலாம். ஊதியம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

தீனிக்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பிழை செய்தால் நாய் செத்துப்போகும். காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிகிற நேரத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாளிடம் நாய்க்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டதற்கு, “அதுக்கு இன்னாத்துக்கு தனியா போடறது நைனா? கூடையத் தூக்குனா கீய வியறதே அதுக்கு வவுறு ரொம்பிடும்” என்றார். பொருளாதார நோக்கில் அழகான ஏற்பாடு. மருத்துவ நோக்கில் ஒரு சிக்கல்: கவலை, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் தின்றால், அவற்றில் உள்ள ஒரு நொதி தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும்; நாய் தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு அதன் உடம்புக்கு ஆகாது. பிரியாணி எலும்பு வெந்த எலும்பு, ஊசி ஊசியாக உடையும். பர்மாவில் இருந்து திரும்பியவர்கள் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் கொண்டுவந்து நிலைநிறுத்திய அத்தோ நூடுல்ஸை நாயுடன் பகிர்ந்துகொள்ளும் நல்ல மனது படைத்தவர்கள் கவனிக்கவும்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. மசாலா அடைத்த முட்டையான பேஜோவின் உப்பிய வயிற்றைப் பார்த்து ஏங்கும் நாய்க்கு, உரிமையாளர் வெறும் அவித்த முட்டையாக வாங்கித் தந்து தன் அன்பை நிரூபிக்கலாம்.

குளியலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதம் ஒன்றிரண்டு முறை போதும். நமக்குப் போடும் சோப்பு அதன் தோலுக்குக் காரம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுவது, பினாயில் ஊற்றுவது இரண்டும் கொடுமை. நாய் நக்கும், நக்கினால் உள்ளே போகும். மருந்தைக் கால்நடை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கடல்நீரில் இருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை மீஞ்சூரில் 2010இல் வந்தது. அந்தத் தண்ணீரில் நுரை வரத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்ட நாய் நேரே கடற்கரைக்கு ஓடி மணலில் புரண்டு உப்பை மீட்டுக்கொள்கிறது. இந்தச் சுழற்சியை நிறுத்தும் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் நகைச்சுவைக்கு இடமில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ வகைத் தடுப்பூசிகள் தொடங்க வேண்டும், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு தவறாமல் மறு ஊசி. நாய் கடித்துவிட்டால் மஞ்சள், காப்பித்தூள் ஆராய்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் முற்றிய பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக உரிமை. மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்கிறது, தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் வைக்கிறது. படிவத்தில் உரிமையாளர் பெயர் என்றொரு கட்டம் உண்டு. வடசென்னை நாயியல் முழுவதும் தடுக்கி விழுவது இந்தக் கட்டத்தில்தான். யார் உரிமையாளர் என்பதற்கு நம் பகுதியில் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தாரின் சீடர் பத்திரகிரியார். அரசைத் துறந்து வந்தவர். அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு பிச்சையோடும், சோற்றுக்காகப் பின்னால் வந்த ஒரு நாயும். திருவிடைமருதூரில் பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், “மேலைக் கோபுர வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேள்” என்று கைகாட்டிவிட்டார் என்பது கதை. ஓடும் நாயும் இருந்தால் ஆள் குடும்பஸ்தன். பத்திரகிரியார் வெட்கப்பட்டு ஓட்டை வீசியெறிய, அது பட்டு நாய் செத்தது என்று கதை போகிறது. குருவின் கிண்டலுக்கு நாய் ஏன் சாக வேண்டும் என்று இதுவரை எந்த உரையாசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் கேட்கிறோம்.

இந்தத் தீர்ப்பின்படி சோறு போடுகிறவரே உரிமையாளர். அதை ராயபுரத்தில் செயல்படுத்திப் பார்த்தோம். வெட்டுக் காதும் பாதி வாலும் கொண்ட டைகர் என்ற நாய்க்குக் காலையில் பொறை போடுபவர் டீ மாஸ்டர், மதியம் மீன் தலை கோடி வீட்டு ஆயா, இரவில் படுக்க இடம் கன்டெய்னர் லாரிக்கு அடியில். வண்டியை எடுக்குமுன் குனிந்து பார்த்து அதை எழுப்பிவிடுவது கிளீனர் வேலை. காய்ச்சல் வந்தபோது ஆட்டோவில் ஏற்றி வேப்பேரிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கேரம் கிளப் பையன்கள். அப்படியானால் படிவத்தில் யார் பெயரை எழுதுவது என்று டீ மாஸ்டரிடம் கேட்டோம். கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “என் பேரப் போடாத சார், அது கட்சா நான் மாட்டுவேன். ஆயா பேரப் போடு. அதான் யாருக்கும் பயப்படாது.”